இடது கன்னம்

தெருவில் அவனுக்குச் 'சிரிக்காதே' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அந்த ஸ்டூடியோவில் அவன் எடுப்பதெல்லாம் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமான படங்கள். ஸ்டூலில் ஆள் உட்கார்ந்ததும் ஒரே பாட்டுத்தான். "சிரிக்காதீங்க. நெத்தியைக் காட்டுங்க. ரெண்டு காதும் தெரியணும்." எதிர் டீக்கடையில் "சிரிக்காதேக்கு ஒரு டீ" என்று குரல் எழுந்தால், புதிதாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

கடை எட்டடி அகலம். முன்னால் கவுண்டர், நடுவில் கம்ப்யூட்டர், திரைக்குப் பின்னால் ஸ்டூலும் இரண்டு விளக்குகளும். சுவரில் ஒரு கண்ணாடி, அதன் பக்கத்தில் நூலில் தொங்கும் சீப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. அதன் முதுகை நடுவில் வெட்டி நாடா தைத்திருந்தது. குண்டனுக்கும் ஒல்லியனுக்கும் அதே கோட்டு. முன்னால் இருந்து பார்த்தால் எல்லோரும் அதிகாரிகள்.

படம் எடுக்க அரை நிமிடம் போதும். வேலை அதற்கப்புறம்தான். பரு, அம்மை வடு, தையல் போட்ட கோடு, கண்ணுக்குக் கீழே கறுப்பு என்று எல்லாவற்றையும் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாக அழிப்பான். யாரும் வாய் விட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி முகத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டால் அவனுக்குப் புரிந்துவிடும். சிலர் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுவார்கள். அதுவும் புரியும்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. கடையை அவனுக்கு முன்னால் வைத்திருந்தவர் சொல்லிவிட்டுப் போனது. "எல்லாத்தையும் அழிச்சுட்டா பொம்மைய்யா. ஒண்ணை விட்டு வை. அப்பத்தான் வீட்டுல நம்ம ஆளுன்னு நம்புவாங்க." எதை விடுவது என்பது அவன் முடிவு. காதோரத்தில், தாடைக்கு அடியில், பார்ப்பவர் கண் போகாத இடத்தில் ஒன்றை விட்டு வைப்பான். இத்தனை வருடத்தில் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

அவனுடைய அப்பா ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். முப்பத்தாறு வருடம் மேலே போய்க் கீழே வந்து ஓய்வு பெற்றார். ஊரைப் பற்றிக் கேட்டால், "அங்க என்ன இருக்கு, தூசி" என்பார். மேலே ஏதாவது கேட்டால், "உன் மாடி வந்துடுச்சு, இறங்கு" என்பார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த நகைச்சுவை அது ஒன்றுதான்.

மண் அவருக்கு ஆகாது. மருமகள் பால்கனியில் நாலு பூந்தொட்டி வைத்தாள். மண் கிளற ஒரு கைமண்வெட்டி வாங்கி வந்தாள். அன்றைக்கே அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்.

"துருப்பிடிச்ச இரும்பும்மா. யார் மேலயாவது பட்டா என்ன ஆகும்?"

"புதுசு மாமா. இன்னும் லேபிள்கூடப் பிரிக்கல."

அவர் கை கழுவப் போனார்.

அவர் இறந்தபோது பதிவு அலுவலகத்தில் பிறந்த ஊர் கேட்டார்கள். அவர் வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய பழைய படிவத்தில் அது இருந்தது. நாற்பத்து நாலு வயதில் தன் சொந்த ஊரின் பெயரை அவன் ஒரு கார்பன் நகலில் படித்துத் தெரிந்துகொண்டான். பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். இத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"உங்கப்பாவே வேண்டாம்னு விட்டுட்டு வந்த ஊரு. அங்க போய் எதைப் படம் எடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஏதாவது."

வெறுங்கையோடு போய் நின்றால் யார் நீ என்று கேட்பார்கள். கேமராவோடு போனால் இது எதற்கு என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் என்று நினைத்தான்.

கேட்டது முதல் கேள்வியைத்தான். அப்பா பெயரைச் சொல்லி விசாரித்ததும், அவருடைய அண்ணன் இருக்கிறார் என்று ஊரில் கைகாட்டிய இடத்தில் ஒரு பம்ப்செட் அறை இருந்தது. தகரக் கூரை, கதவில்லை. வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் நெற்றி, அப்பாவின் மூக்கு. இடது கன்னத்தில் மட்டும் அப்பாவுக்கு இல்லாத ஒரு நீளமான தழும்பு.

"யாரு?"

"நான் உங்க தம்பி மகன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் அவனை மேலிருந்து கீழே வரை பார்த்தார். எழுந்து மோட்டாரை நிறுத்தினார்.

"இருக்காரா?"

"போன வருஷம் இறந்துட்டார், பெரியப்பா."

தண்ணீர் குழாயில் கடைசியாக ஒருமுறை குமுறிவிட்டு நின்றது. அவர் கால்வாயைப் பார்த்தார். பிறகு மறுபடி மோட்டாரைப் போட்டார்.

"உக்காருங்க," என்றார். "வெயில்ல நிக்காதீங்க."

இந்த 'ங்க' அவன் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. எழுபத்தாறு வயசுப் பெரியப்பா யாராவது தம்பி மகனை நீங்க என்பாரா? கதவைத் தாழ் போடாமல் சாத்துகிற மாதிரி அது. திறக்கும், ஆனால் தட்டவேண்டும். அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஒன்றே ஒன்றை விரும்பினான். அந்த மனிதர் தன்னை நீ என்று சொல்லவேண்டும். இத்தனை வயசுக்கு மேல் ஊர் வேண்டும், நிலம் வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனுக்கு இல்லை. ஒரு 'நீ' போதும்.

ஒன்று விட்டு ஒரு செவ்வாய் போனான். ஊரில் அவனுக்குச் 'செவ்வாய்க்கிழமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேமரா கையில் இருந்தது, ஆனால் அவனுக்குத் தெரிந்தது ஒரு விதமான படம்தான். மரத்தை எடுத்தால் நேர் எதிரே நின்று, நட்டநடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு எடுத்தான். மாட்டை எடுத்தால் இரண்டு காதும் தெரியும்வரை காத்திருந்தான். பெரியப்பா மகள், அவனுக்கு அக்கா முறை, கேமராவின் பின்திரையில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன தம்பி, மரத்துக்கெல்லாம் பாஸ்போர்ட் வாங்கித் தரப் போறியா? எந்த நாட்டுக்கு அனுப்பப் போறே?"

ஐம்பது வயதுக்காரி. கணவன் இறந்தபின் அப்பா வீட்டுக்கே வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே தம்பி என்று கூப்பிட்டுவிட்டவள். ஆனால் அவள் கூப்பிட்டதை அவன் மனசு கணக்கில் சேர்க்கவில்லை. பெரியவர் இன்னும் 'போட்டோக்காரரே' என்றுதான் சொன்னார்.

ஒரு தடவை வயலோரம் ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. அதை எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினான். நம்ம ஊர் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். அந்தப் படத்தை அடுத்த முறை போனில் அக்காவிடமும் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, இங்க வாங்களேன். செவ்வாய்க்கிழமை நம்ம களையை வீட்ல மாட்டி வெச்சிருக்கு. ரெண்டு வருஷமா அதைப் பிடுங்கிப் பிடுங்கி என் இடுப்பு போச்சு. அதுக்குப் போய்ச் சட்டம் போட்டிருக்கு பாருங்க."

பெரியவர் போனை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் விளைஞ்சிருக்கு," என்றார். "நமக்குத்தான் அது களை. பார்க்கிறவங்களுக்கு என்ன?"

முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் தழும்பு லேசாக அசைந்தது. அது அவர் சிரிக்கும் விதம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தழும்பைப் பற்றி அவன் கேட்கவில்லை. முகத்தில் இருப்பதைப் பற்றி வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடாது என்பது தொழிலில் வந்த மரியாதை. எதிலாவது விழுந்திருப்பார், மாடு முட்டியிருக்கும் என்று அவனாக நினைத்துக்கொண்டான். கிராமம் என்றால் மாடு முட்டும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆறாவது முறை போனபோது ஒரு கொக்கைக் குறிபார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவன், ஈர வரப்பில் காலை வைத்தான். வரப்பு சரிந்தது. அடைத்து வைத்திருந்த தண்ணீர் பக்கத்து வயலுக்குள் பாய்ந்தது.

"டேய்! வரப்பை மிதிக்காதடா! கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

பெரியவர் அந்த வயதிலும் ஓடிவந்து, மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வைத்து உடைப்பை அடைத்தார். அவனும் குனிந்து அள்ளினான். சட்டையெல்லாம் சேறு.

"மண்ணை இப்படியா பிடிப்பே? கேக் வெட்டுற மாதிரி. தள்ளுடா அந்தப் பக்கம்."

பஸ் ஏறியதும் மனைவிக்குப் போன் போட்டான்.

"டா போட்டுட்டார்."

"யாரு? என்ன?"

"பெரியப்பா. டேய்னார். மூணு தடவை."

"திட்டினாரா?"

"ஆமா."

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்? நான் சொல்றதில்லையா?"

அதற்கப்புறம் அவர் நீங்களுக்குத் திரும்பவில்லை. சாப்பிட்டியா என்றார். இவ்வளவு வெள்ளைச் சட்டை போட்டுட்டு எந்த ஆபீஸுக்குடா வந்தே என்றார். மற்ற ஆட்களிடம், "என் தம்பி பையன். படம் பிடிப்பான். மரத்தையெல்லாம் நேரா நிக்க வெச்சுப் பிடிப்பான்" என்று அறிமுகம் செய்தார். அவன் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அதைக் கேட்டான்.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை அவன் போனபோது அவர் முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, பம்ப்செட் வாசலில் அதே வாளியின் மேல் தயாராக உட்கார்ந்திருந்தார். அதுவரை தன் பக்கம் கேமராவைத் திருப்பவிடாத ஆள்.

"என்னை ஒண்ணு எடுடா."

அவனுக்குக் கை ஓடவில்லை. வெளிச்சம் பார்த்தான், வாளியை அரை அடி நகர்த்தினான். அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது கன்னத்தை முழுக்கக் கேமராவுக்குக் கொடுத்தார்.

"நேரா பாருங்க பெரியப்பா. ரெண்டு காதும்..."

"உன் கடைக்கா வந்திருக்கேன்? இப்படியே எடு. இந்தப் பக்கம்தான்."

நாலு படம் எடுத்தான். அவர் எழுந்து சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு போடு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை உன் வீட்ல உங்கப்பன் படத்துக்குப் பக்கத்துல மாட்டு."

அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.   அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டு என்று சொல்லிவிட்டார். கதவு திறந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

புதன்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். நாலில் நல்லதாக ஒன்றை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுத்தான். பெரிதாக்கினான். தழும்பு திரை முழுவதும் வாய்க்கால் மாதிரி ஓடியது. இடது கண்ணின் ஓரத்துக்குக் கீழே தொடங்கி, கன்னத்தில் குறுக்காக இறங்கி, நடுவில் ஓரிடத்தில் லேசாக வளைந்து, உதட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள்.

முகத்தின் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் என்ன அர்த்தம் என்பது அவனுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். இந்த மனிதருக்கு அவனால் செய்யக்கூடியது வேறென்ன இருக்கிறது? மண் அள்ளத் தெரியாது. களை தெரியாது. இது தெரியும். தாடைக்குப் பக்கத்திலிருந்து நல்ல தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தழும்பின் மேல் ஒட்டி, ஓரத்தைக் கரைத்து, அவர் வயதுக்கு உரிய சுருக்கத்தை அதன் மேல் கொண்டுவந்தான். சாதாரணமாக ஐந்து நிமிட வேலை. அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். அவ்வளவு நல்ல வேலையை அதுவரை யாருக்கும் அவன் செய்ததில்லை. ஒன்றை விட்டு வைக்கவேண்டுமே என்று தேடினான். இடது காது மடலில் மிளகு அளவுக்கு ஒரு மரு. அதை விட்டான்.

பழைய படத்துக்கு மேலேயே பதியவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வழக்கம்போல ஆமாம் என்று அழுத்தினான். பத்தரைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம். கேமராவின் கார்டை முழுக்கத் துடைத்துவிட்டு ஓடினான்.

அடுத்த முறை படத்தைச் சட்டம் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். பெரியவர் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அக்கா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவள் முகம்தான் முதலில் மாறியது.

பெரியவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியின் மேல் விரலை வைத்து, படத்திலிருந்த கன்னத்தில் மேலிருந்து கீழே வரை இழுத்தார். அப்புறம் அதே விரலால் தன் கன்னத்தில் இழுத்தார். மறுபடி படத்தில். கடையில் வாங்கிய பொருளைச் சரிபார்க்கிறவர் மாதிரி நிதானமாகச் செய்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார்.

"பிடிச்சிருக்கா பெரியப்பா?"

"ஒரு அடையாளம் விடல. நல்ல வேலைக்காரர்தான் நீங்க."

நீங்க. அவன் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தான்.

"பெரியப்பா..."

"வெயில் ஏறுது. பஸ்ஸுக்கு நேரமாகும் உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு, படத்தை மகளிடம் கொடுத்துவிட்டு வயலுக்குள் இறங்கிப் போனார்.

பஸ் நிற்கும் இடம்வரை அக்கா கூட வந்தாள்.  பாதை முடிகிற இடத்தில் நின்றாள்.

"எதுக்கு அப்படிச் செஞ்சே?"

"என்ன செஞ்சேன்? நல்லா இருக்கணும்னுதான்..."

"நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாது?"

"அது யாரு போட்டதுன்னு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஐம்பத்து மூன்று வருடம் முன்னால் நடந்தது. அவள் பிறப்பதற்கு முன். கிணறு பொது, தண்ணீர் முறை. அன்றைக்கு முறை அண்ணனுடையது. தம்பி தன் பக்கம் திருப்பிவிட்டார். அண்ணன் குனிந்து மடையை அடைத்தார். தம்பி கையில் மண்வெட்டி இருந்தது.

"பதினாலு தையல். உங்கப்பா அன்னிக்கு மதியமே பஸ் ஏறிட்டாரு. ஒரு கடுதாசி கிடையாது. எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கிடையாது. அப்பா யார்கிட்டயும் புகார் குடுக்கல. தம்பி எங்கேன்னு கேக்கிறவங்களுக்குக் கன்னத்தைக் காட்டுவாரு, அவ்வளவுதான்."

"எனக்கு யாரும் சொல்லல அக்கா."

"நீ தெரிஞ்சுதான் வந்திருக்கேன்னு நினைச்சோம். தெரிஞ்சும் வந்தானே, பெரிய மனசுதான்னு அப்பா சொன்னாரு. இந்தக் கன்னம் அவன் வீட்டுச் சுவத்துல உங்கப்பா பக்கத்துல தொங்கட்டும், அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல அவரு. அதுக்குத்தான் சவரம் பண்ணிட்டு உக்காந்தாரு. நீ அதை அழிச்சுக் கொண்டு வந்து குடுக்கிறே."

"சத்தியமாத் தெரியாது. என் தொழில்ல எல்லாருக்கும் அப்படித்தான்..."

"தெரியாமயா?" அவள் குரல் ஏறியது. "காதுல மரு இருக்கு. அதை விட்டிருக்கே. கழுத்துச் சுருக்கம் அப்படியே இருக்கு. அது ஒண்ணை மட்டும் தேடிப் பார்த்து அழிச்சிருக்கே. தெரியாதவன் செய்யிற வேலையா அது?"

ஒன்றை விட்டு வைக்கிற முறையைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தான். அவன் காதுக்கே அது பொய் மாதிரி இருந்தது. பஸ் வந்தது. அப்பா குப்பையில் போட்ட கைமண்வெட்டியும், பிரிக்காத லேபிளும், பூந்தொட்டியும் ஒவ்வொன்றாக வந்து அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டன. மூன்றரை மணி நேரம்.

கடைக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் தேடினான். அழித்த படம்தான் இருந்தது. மற்ற மூன்றும் நானூறு பிள்ளைகளின் நெற்றிகளுக்குக் கீழே போய்விட்டன. அதற்கப்புறம் இரண்டு செவ்வாய்க்கிழமை போனான். பம்ப்செட் ஓடிக்கொண்டிருக்கும், வாளி கவிழ்ந்திருக்கும், அவர் இருக்கமாட்டார். ஊர்க்காரர்கள் "போட்டோக்காரரே, அவர் வெளிய போயிருக்காரு" என்பார்கள். இரண்டாவது முறை, தூரத்து வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பது அவர்தான் என்று தெரிந்தது. அவரும் பார்த்தார். அவன் கேமராவைத் தூக்கவில்லை. வந்துவிட்டான். பிறகு போகவில்லை.

வீட்டில் மாட்டிய படத்தைக் கழற்றவும் மனசு வரவில்லை. கூடத்தில் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டு பேர் கன்னத்திலும் ஒன்றுமில்லை. "எவ்வளவு ஒத்துமையா இருக்காங்க பாருங்க," என்றார் ஒரு விருந்தாளி.

நாலு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அக்கா கடைக்குள் வந்தாள். கையில் துணிப்பை. கவுண்டருக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே மூன்று பேர் கோட்டுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பும்வரை அவள் உட்காரவில்லை.

"அப்பா போயிட்டாரு."

"எப்போ?"

"பதினோரு நாள் ஆச்சு."

 அவள் பையிலிருந்து பெரியவரின் அடையாள அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அதில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை மாதிரி ஏதோ இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவன் கொடுத்த படம், சட்டம் கழற்றியது.

"சுவத்துல மாட்ட வேற படம் இல்ல. இதுதான் இருக்கு. இதுல அதைப் போட்டுக் குடுங்க."

"எதை அக்கா?"

"போட்டோக்காரருக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். படத்தைத் திறந்து பெரிதாக்கினான். சுத்தமான கன்னம் திரையை நிறைத்தது. அவள் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனுக்குப் பின்னால் நின்றாள்.

தழும்பு அவனுக்கு மனப்பாடம். அங்குலம் அங்குலமாக அழித்தவன் அவன்தான். கண்ணோரத்துக்குக் கீழே தொடங்கினான். மெல்லிய கறுப்பு, அதன் ஓரத்தில் வெளுப்பு. கீழே இழுத்தான். நடுவில் வளைத்தான். தையல் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தான். எண்ணிப் பதினாலு ஜோடி. உதட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவ்வளவுதான் அக்கா."

"உதட்டு வரைக்கும் வரும்."

"இல்ல. இங்க நின்னுடும். நான் பார்த்திருக்கேன்."

"நீங்க பத்து செவ்வாய்க்கிழமை பார்த்தீங்க. நான் ஐம்பது வருஷம் அந்த மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கேன். உதட்டு வரைக்கும்."

அவள் நினைவு பிசகியிருந்தது. அவனுக்கு அது உறுதியாகத் தெரியும். உலகத்தில் அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதை நிரூபிக்க இருந்தவற்றை அவனே துடைத்துவிட்டான். இல்லை என்று இன்னொரு முறை சொன்னால், அப்பனுக்காகப் பேரம் பேசுகிறான் என்றுதான் அவளுக்குக் கேட்கும்.

சுட்டியைப் பிடித்தான். உதடுவரை இழுத்தான்.

"இவ்வளவு லேசா இருக்காது. ஆழமா இருக்கும். விரல் வெச்சாப் பள்ளம் தெரியும்."

இன்னும் கறுப்பு சேர்த்தான்.

"இன்னும் கொஞ்சம்."

சேர்த்தான். அப்பா அடித்ததைவிட நீளமாக, அப்பா அடித்ததைவிட ஆழமாக, அந்த அடி கன்னத்தில் விழுந்து முடிந்தது. வேலை சுத்தமாக வந்திருந்தது. பார்க்கிற யாரும் வரைந்தது என்று சொல்லமுடியாது.

அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள்.

"இப்பத்தான் அப்பா," என்றாள். "உங்க குடும்பத்துக் கைக்கு இது நல்லா வருது."

அவன் படத்தைப் பதியப் போனான்.

"அந்தக் காது மரு. அதை எடுத்துடுங்க. அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. வெட்டிக்கிறேன் வெட்டிக்கிறேன்னு சொல்லிட்டே இருந்தாரு."

ஒரு சொடுக்கில் போய்விட்டது.

அச்சு இயந்திரம் படத்தை மெதுவாகத் துப்பியது. முதலில் தலைமுடி, நெற்றி, கண், அப்புறம் தழும்பு. ஓரத்தை வெட்டிக் கொடுத்தான். அவள் ஈரம் காய்ந்ததா என்று பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை அழிச்சிடுங்க."

அழித்தான்.

"குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்குமாமே. அதுலயும் இருக்கும்னாங்க."

அதையும் காலி செய்தான்.

"வீட்ல ஒண்ணு மாட்டியிருந்தேன் அக்கா," என்றான். கேட்காமலே சொன்னான். "வேணும்னா அதையும் கொண்டு வந்து..."

"அது இருக்கட்டும்," என்றாள். "அது எங்கப்பா இல்ல."

அவன் கை பழக்கத்தில் ஒரு காகிதக் கவரை எடுத்திருந்தது. கடைக் கவர்களில் பெயர் எழுத ஒரு கோடு அச்சடித்திருக்கும். அதில் பெரியப்பா என்று எழுதி நீட்டினான். அவள் அதைப் படித்தாள். வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, படத்தை அதில் சுற்றி, தெருவில் இறங்கிப் போனாள். போயிட்டு வரேன் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. டீக்கடையைத் தாண்டும்போது யாரோ "சிரிக்காதேக்கு ஒண்ணு" என்று கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள், பிறகு நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஓட்டுநர் உரிமத்துக்கு ஒருவன் வந்தான். புருவத்தில் வெட்டுக் காயத்தின் கோடு. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். சிரிக்காதே தலையாட்டினான். அரை மணியில் படம் தயார். அந்தக் கடையில் கவரை வீணாக்குவதில்லை. மேலே இருந்த பெரியப்பாவை ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, அதற்குக் கீழே, வந்தவனுடைய பெயரை எழுதிக் கொடுத்தான்.